மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள்

கோழிக்குஞ்சைப் பார்த்ததும் அதன் அப்பன் எந்தச் சேவல் என்று சொல்ல உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் வயசுக்காரர்கள் என்றால் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். முட்டையைக் கடை அட்டையில் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நம் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்து, ஈரம் காய்ந்ததும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். முதுகில் அணிலுக்கு இருப்பது போலக் கோடு ஓடினால் கீழ்த்தெருச் சிவப்புச் சேவல். காலில் முடி இருந்தால் பூசாரி வீட்டுச் சேவல். அலகு முதல் நகம் வரைக்கும் கறுத்திருந்தால் சொல்லவே வேண்டாம், ஊர்க்கோடிக் கருஞ்சேவல்தான். வேலி தாண்டிய சேவல் எது என்று தெரிந்துகொண்டு பெரியவர்கள் சிரித்துக்கொள்வார்கள். எங்களுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாது.

அந்த விளையாட்டு எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தை முறித்தது. போன மாசம் வரைக்கும் எனக்கு அது பழைய கதை, நானே பத்துப் பேரிடம் சிரித்துக்கொண்டு சொன்ன கதை. போன மாசம் கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன்.

தருமபுரி தனி ஜில்லாவாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் மொரப்பூருக்கும் நடுவில், மழையை நம்பிக் கேழ்வரகும் கொள்ளும் அவரையும் போடுகிற ஊர். அப்பா பஞ்சாயத்து மெம்பர். வெள்ளைச் சட்டை போட்டு யார் வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதே ஊரில் மேற்குக் கடைசி வீடு. அக்காவுக்கு அவர்தான் என்று அக்கா பிறந்த அன்றே பேசியாகிவிட்டது. அந்த வருஷம் வெற்றிலை பாக்கும் மாற்றி, தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாமா வாசலில் தலை காட்டினால் அக்கா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவாள். உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். எனக்கு அப்போது பத்து வயசுக்குள்தான் இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சந்தை நாளில் மாமா காரிமங்கலத்திலிருந்து ஒரு சேவலை வாங்கி வந்தார். அதன் கழுத்தில் ஓர் இறகு கிடையாது. மேலே கொண்டை, கீழே மினுமினுவென்று கருஞ்சிவப்பு இறகு, நடுவில் வெறும் சிவந்த தோல். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டு வேதக்காரப் பெரியம்மா, ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏம்பா, சீக்கு வந்த கோழிய எவன் உன் தலையில கட்டுனான்?”

“சீக்கு இல்லிங்க பெரிம்மா. சாதியே இப்படித்தானாம்.”

“குளுரு காலத்துல அதுக்கு ஒரு துண்டு வாங்கிக் குடு.”

அந்த மொட்டைக்கழுத்துச் சேவல் ஊரையே தன் வீடாக்கிக்கொண்டது. மாமா வீட்டில் இரை தின்னும், எங்கள் வீட்டுக் குப்பையைக் கிளறும், பெரியம்மாவின் முருங்கை மரத்தில் அடையும். கொஞ்ச நாளில் எங்கள் விளையாட்டுக்குப் புது அடையாளம் ஒன்று சேர்ந்தது. பிறந்த குஞ்சுக்கே கழுத்தில் பஞ்சு இல்லாமல் தோல் தெரியும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், இது மாமன் சேவலோட குஞ்சு என்று. அது கொத்தி உதிர்த்த வால் இறகு ஒன்றை மாமா எடுத்துக் காதில் செருகிக்கொள்வார். பேசிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக் காது குடைவார், கண்ணை மூடிக்கொண்டு. வெயிலில் அந்த இறகு பச்சையாகவும் கறுப்பாகவும் மாறி மாறித் தெரியும்.

பிறகுதான் விவசாயம் சொல்லித்தர வருகிற கிராம சேவக் சைக்கிளில் வந்தார். சர்க்காரில் லெகான் சேவல் கொடுக்கிறார்கள் என்றார். வெள்ளை வெளேரென்று இருக்கும் சீமைச் சேவல். அதன் குஞ்சுகள் வளர்ந்தால் நாட்டுக்கோழியைப் போல இரண்டு பங்கு முட்டையிடும். ஆனால் ஒரு நிபந்தனை, ஊரில் ஒரு நாட்டுச் சேவல்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கலப்பு கெட்டுவிடும், வெள்ளைச் சேவலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். குஞ்சைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார். லெகானுக்குப் பிறந்தது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும், மேலே மை தெறித்த மாதிரி இரண்டு மூன்று புள்ளி இருக்கும். சிவப்பும் கறுப்பும் கோடும் வந்தால் எங்கேயோ ஒரு சேவல் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்பா ஊர் சார்பில் வாக்குக் கொடுத்தார். கிராம சேவக் சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

“சேவல் மாத்துன உடனே அடை வெச்சிராதீங்கம்மா. ஒரு மூணு வாரம் போவட்டும்.”

“ஏங்க, கோழிக்கும் ஆடி மாசமா?” என்றாள் அம்மா.

கூடியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் காது சிவந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இந்த இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ச் சேவல்களையெல்லாம் பிடித்து, காலைக் கட்டி, கூடைகளில் போட்டு, சந்தைக்கு வண்டி கட்டினார்கள். மாமா தன் சேவலை அணைத்துக்கொண்டு அப்பா முன்னால் நின்றார்.

“மச்சான், இது ஒண்ண மட்டும் வுட்ருங்க. வூட்டுக்குள்ளாற கட்டிப் போட்டு வளத்துக்கறேன்.”

“மாப்ள, ஊருக்கு ஒரு நாயம், எம் மச்சினனுக்கு ஒரு நாயமா? நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? நீயே வண்டிய ஓட்டிட்டுப் போ. நீயே வித்துட்டு வா.”

மாமா போனார். பொழுது சாய்ந்து வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினார். கூடைகள் காலி. காதில் அந்த இறகு மட்டும் இருந்தது. ஏன் இத்தனை நேரம் என்று அப்பா கேட்டதற்கு, கடைசிவரை அதை விற்க மனசு வரவில்லை, சந்தை கலையும்போதுதான் யாரோ கேட்டார் என்று கொடுத்தேன் என்றார். அப்போது யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை எனக்கு விழிப்பே வரவில்லை. சேவல் கூவாத ஊரை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருந்தது. நாலு நாள் கழித்துக் கூண்டில் வைத்து வெள்ளைச் சேவல்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூண்டிலேயே வளர்ந்தவை, காக்கையைப் பார்த்தே மிரண்டன. எங்கள் கோழிகள் அவற்றை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அந்தச் சேவல்கள் மண்ணைக் கிளறக் கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது.

முதல் வெள்ளைக் குஞ்சு நம் வீட்டில்தான் பொரிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பழைய முட்டை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று எல்லாவற்றையும் குழம்பு வைத்துத் தீர்த்தோம். லெகான் வந்த பிறகு இட்ட முட்டைகளை மட்டும் அவரே எடுத்து, அடுப்புக்கரியால் புள்ளி வைத்து, கேழ்வரகுப் பானையில் சேர்த்தார். அம்மாகூடச் சொன்னாள், அந்த சைக்கிள்காரர் பொறுக்கச் சொன்னாரே என்று. “அதுங்க பழவறதுக்குச் சொன்னாரு. பழவிருச்சு இல்ல?” என்றார் அப்பா. சாம்பல் கோழியை அடை வைத்தோம்.

குஞ்சு பொரிக்கும் அன்று அப்பா நாலு பேரை வரவழைத்திருந்தார். அக்காதான் கோழியை மெல்லத் தூக்கினாள். வெள்ளைக் குஞ்சுகள் இருந்தன. மை தெறித்த புள்ளிகளும் இருந்தன. எல்லோரும் ஆகா என்றார்கள். பிறகு அக்கா ஓட்டுக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். முதுகில் பழுப்புக் கோடு. கழுத்தில் பஞ்சே இல்லை, ரோஜா நிறத்தில் வெறும் தோல், அதற்குள் நரம்பு துடிக்கிறது.

அக்கா இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. இரண்டையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு அவள் நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. “இது மாமன் சேவலோட குஞ்சு” என்று பிள்ளைகள் நாங்கள் வழக்கம்போலக் கத்தினோம். கத்த வேண்டிய அவசியமே இல்லை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

அப்பா ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேற்குக் கடைசி வீட்டுக்குப் போனார். ஊரே பின்னால் போனது. சோளத்தட்டுப் போரைப் பிரித்துப் போட்டார்கள். பரணில் ஏறினார்கள். குதிருக்குள் ஆளை இறக்கினார்கள். ஒரு சேவலும் இல்லை. ஆனால் ஒருவர் மாமாவின் காதிலிருந்த இறகை உருவி எடுத்து உயர்த்திக் காட்டினார். சேவலை விற்றுவிட்டவனுக்கு இறகு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அந்த இறகு பல மாசமாக அந்தக் காதில் இருப்பதை ஊரே பார்த்திருக்கிறது!

“எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?”

“வித்துட்டேன் மச்சான். எங்க ஆத்தா மேல ஆணையா வித்துட்டேன்.”

“அப்ப இந்தக் குஞ்சு எங்கிருந்துடா வந்துச்சு? வானத்துலருந்தா?”

மாமாவும் அந்தக் குஞ்சின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரையும்விட அவர்தான் அதிர்ந்துபோயிருந்தார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்த முழியைத்தான் திருட்டு முழி என்றார்கள்.

ஊர் வாய்க்கு ஒரு காரணம் கிடைக்காமலா போகும்? வத்தல்மலையில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். மாமன் சேவலை அங்கே விட்டிருக்கிறான், இருட்டில் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கோழிகளோடு சேர்த்துவிட்டு விடிவதற்குள் கொண்டுபோகிறான் என்று முடிவு கட்டினார்கள். பொழுது போனால் கோழிக்குக் கண் தெரியாது, இருட்டில் சேவலோடு சேராது என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? வத்தல்மலை என்ன பக்கத்துத் தெருவா? ஒருவர் கேட்கவில்லை. கோழியோடேயே பிறந்து வளர்ந்த சனம், அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள்.

மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். மாமா ஈர வேட்டியோடு வந்து, எரிகிற கற்பூரத்தின் மேல் கையை அடித்து அணைத்தார். சேவலை விற்றது சத்தியம் என்றார். கை வெந்த வாடை என் மூக்கில் ஏறியது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் அப்பாவும் சொன்னார். கல்யாணப் பேச்சு மறுபடி எழுந்தது. அக்கா இரண்டு நாள் கழித்து நன்றாகத் தலை வாரிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேதக்காரப் பெரியம்மா வீட்டில் குஞ்சு பொரித்தது. அவர் யாருக்கும் காட்டவில்லை, கூடையைப் போட்டு மூடி வைத்திருந்தார். ஏன் மூடினார் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு மாமா மேல் பிரியம். ஆனால் தாய்க்கோழியை எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? இரைக்கு வெளியே விட்ட அன்று அது தெரு நடுவுக்கே குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. பின்னால் குடுகுடுவென்று ஓடி வந்ததில் ஒன்றுக்குக் கழுத்து மொட்டை.

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். இனிப் பேச என்ன இருக்கிறது? மாரியாத்தா முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன். சேவலைத் திருடியிருந்தால்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் உச்சிவெயிலில் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா வீட்டில் இல்லை. அக்கா புங்கமரத்தடியில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் தள்ளி மாட்டுக்கொட்டகையில் இருந்தேன். அவர் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் கேட்டிருப்பார், சொம்பு எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. மாமா மரத்து நிழல் நகர்கிறவரைக்கும் நின்றார். பிறகு மொரப்பூர் ரோட்டைப் பார்த்து நடந்தார். ரயில் ஏறிவிட்டார் என்று மறுநாள் யாரோ சொன்னார்கள்.

அவர் போன பிறகு பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்குக்கூட மொட்டைக் கழுத்து இல்லை. எல்லாம் வெள்ளை, எல்லாம் மைப் புள்ளி. பார்த்தீர்களா, ஆள் போனான், சேவலும் போனது என்று ஊர் கையைத் தட்டியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அக்காவைக் கிருஷ்ணகிரிப் பக்கம் கொடுத்தார்கள். அம்மா அதற்குப் பிறகு கோழியே வளர்க்கவில்லை. மாமா பெங்களூரில் இருக்கிறார் என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். கல்யாணத்தை நிறுத்தியது அப்பாவின் வீம்பு என்று நான் முடிவு செய்துகொண்டேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குக் கொடுக்கக்கூட அக்காவை விடாத மாதிரி மிரட்டி வைத்திருந்தார் என்று நினைத்தேன். சாகும்வரைக்கும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

போன மாசம் என் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போடக் கொண்டு போயிருந்தேன். டாக்டரம்மா சின்னப் பெண், நன்றாகப் பேசுவாள். குஞ்சைப் பார்த்து அப்பனைச் சொல்வேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டு, ராத்திரியில் சாக்கில் சேவல் கொண்டுவந்த மாமன் கதையையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“உங்க மாமா எதையும் ஒளிச்சு வெச்சிருக்க வேண்டியதில்லீங்கம்மா. சேவல் ஒருதரம் சேந்துட்டா அதோட விந்து கோழி வயித்துலயே ரெண்டு மூணு வாரம் உயிரோட இருக்கும். சேவல் செத்தே போனாலும் அதோட குஞ்சு பொரிக்கும். அதனாலதான் சேவல் மாத்துனா மூணு வாரம் கழிச்சு அடை வெக்கச் சொல்றது.”

சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நின்ற அந்த மனுஷன் கண் முன்னால் வந்தார். கோழிக்கும் ஆடி மாசமா என்று அம்மா கேட்டதும், அந்தச் சிரிப்பும், அவர் காது சிவந்ததும் வந்தன. அந்தக் குஞ்சுகள் காரிமங்கலம் சந்தையில் விற்றுப்போன சேவலுடையவை. அது எந்த வீட்டுக் குழம்பிலோ வெந்து முடிந்த பிறகு பிறந்த குஞ்சுகள். மாமா போனதும் அவை நின்றுபோனது அந்த மூணு வாரக் கெடு முடிந்துவிட்டதால்தான். சரியாகப் பார்த்தோம், அப்பனைச் சரியாகச் சொன்னோம், அத்தனை பேரும் ஒரு மனுஷனை ஊரைவிட்டுத் துரத்தினோம்.

இதை அக்காவிடம் சொல்லலாமா கூடாதா என்று நாலு நாள் தூங்கவில்லை. பிறகு பஸ் ஏறினேன். அவள் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷமாகிறது. மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை அள்ளிக்கொண்டு சொன்னேன். அவள் கை நிற்கவேயில்லை.

“அப்ப கோழிக்குள்ளாறயே இருந்துச்சா?”

“ஆமாக்கா.”

“அவரு அடிச்ச சத்தியம் நெசந்தானா?”

“நெசந்தான். இந்த அப்பாதான்...”

“அப்பாவ ஒண்ணும் சொல்லாத” என்றாள். அப்போதுதான் அவள் கை நின்றது. “அவரு போறதுக்கு மொத நாளு ராத்திரி அப்பா என்கிட்ட வந்து, ‘நீ சரின்னு சொல்லு, ஊரு காறித் துப்புனாலும் நான் நின்னு கண்ணாலத்த முடிக்கறேன்’னாரு. நான்தான் வேண்டாம்னேன்.”

என் வாயிலிருந்து வந்தது, “அன்னிக்கு மாமா தண்ணி கேட்டாரே...” என்பதுதான்.

“தண்ணியா?” அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “‘ஊரு நம்பல, அது போவட்டும். நீ நம்பறயா?’ன்னு கேட்டாரு. நான் அந்தக் குஞ்ச என் கையில வெச்சுப் பாத்தவடி. கழுத்த இந்தக் கண்ணால பாத்தவ. குஞ்சு பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். எந்திரிச்சு உள்ள போயிட்டேன்.”

முறத்திலிருந்து ஒரு மொச்சையை எடுத்தவள் உரிக்காமலே திரும்பப் போட்டாள்.

“குஞ்சும் பொய் சொல்லல” என்றாள். “அவரும் பொய் சொல்லல.”

மிச்ச மொச்சையை நான்தான் உரித்தேன்.